பூவராகனின் தோள்

வளைகாப்பு முடிந்து மகள் மங்கையை வீட்டுக்கு அழைத்து வருமுன்பே, பூவராகன் வீட்டிலிருந்த பிளாஸ்டிக் முழுவதையும் வெளியேற்றிவிட்டார். கருவிலிருக்கும் குழந்தையின் ஹார்மோனை அது குலைத்துவிடும் என்று எங்கோ படித்திருந்தார். மூடி போட்ட டிரம்கள் போயின. மூடியில்லாத பித்தளை அண்டாக்கள் வந்தன. இரசாயனம் என்பதால் கொசுவர்த்தியும் போயிற்று. நைலான் என்பதால் கொசுவலையும் தப்பவில்லை.

வீடு வீடாகச் சோதிக்க வந்த சுகாதாரப் பணியாளர் அண்டாவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஐயா, இது தண்ணியில்ல, டெங்குப் பண்ணை! புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல இப்படியா? இந்தக் கொசு பகல்லயே கடிக்கும்."

அண்டாக்களைக் கவிழ்த்துவிட்டு அவர் போய்விட்டார். ஏற்கெனவே பறந்துவிட்டவற்றை யார் கவிழ்ப்பது?

பூவராகன் சட்டையைக் கழற்றிவிட்டு, மகளின் கட்டிலருகே நாற்காலி போட்டு அமர்ந்தார். சற்று நேரத்தில், காலில் வெள்ளைக் கோடுகள் கொண்ட கொசு ஒன்று அவருடைய தோளில் வந்து இறங்கியது. மங்கை கையை ஓங்கினாள்.

"அடிக்காதம்மா! குடிச்சுட்டுப் போகட்டும். வயிறு நெறஞ்சா உங்கிட்ட வராது."

"அடிச்சாலும் வராதுப்பா."

அந்த வழியை அவர் யோசித்திருக்கவில்லை. ஓங்கிய கை அந்தரத்தில் நிற்க, கொசு நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது.