ஹப்ஸா கேட்ட பதிப்பு

வாசலில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் நிஸாம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இந்தப் பக்கம் ஹப்ஸா இத்தாவில் இருந்தாள்.

கணவன் அஸீம் மௌத்தாகி இது இரண்டாம் மாதம். இத்தா முடியும்வரை அவள் பிற ஆண்கள் முன்னால் வரக்கூடாது; அவனுடைய சொந்தத் தம்பியே ஆனாலும் நிஸாம் திரைக்கு வெளியேதான். அதற்காக வேலை காத்துக்கொண்டிருக்குமா?

சம்மாந்துறை அரிசி ஆலைக்காரர் ஒருவர் புது மென்பொருள் கேட்டிருந்தார். நெல் உள்ளே வருவதிலிருந்து மூட்டை வெளியே போவதுவரை எல்லாம் அதில் ஓட வேண்டும். அஸீம் போன பிறகு, மூவரும் சேர்ந்து நடத்திய சின்னக் கம்பனிக்குக் கிடைத்த முதல் வேலை. இதில் பெயர் கெட்டால் கம்பனியைப் பூட்டிவிட்டு நிஸாம் கட்டாருக்குப் போக வேண்டியதுதான்.

வெளிநாட்டுக்காரர்கள் செய்துவிடும் ஒரு நிரல் கட்டமைப்பின் மேல்தான் அவர்கள் எதையும் எழுதுவார்கள்; அதில் எந்தப் பதிப்பை அடித்தளமாக வைப்பது என்று இன்றைக்கே முடிவு செய்ய வேண்டும். பழையது நிலையானது, நாலு இடத்தில் அடிபட்டுத் தேறியது. புதியது பீட்டா. வேகம் அதிகம், ஆனால் செய்தவர்களே இன்னும் அதில் பிழை பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அறுவடை நேரத்தில் அது காலை வாரினால் ஆலை வாசலில் உழவு இயந்திரங்கள் நெல்லோடு வரிசைகட்டி நிற்கும். எல்லோரும் நிஸாமைத்தான் பிடிப்பார்கள்.

இதையெல்லாம் அவன் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லவே தேவையில்லை. மதினி எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியாதா?

கலியாணமான நாளிலிருந்து புருசனும் பெண்சாதியும் சண்டை பிடித்ததென்றால் இதற்காகத்தான். அஸீமுக்குப் புதுசென்றால் உயிர். ஹப்ஸா வேண்டாமென்று ஒற்றைக் காலில் நிற்பாள். உடைந்தால் நான் இருக்கிறேன்தானே என்பான். உடையும். சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்து சரிப்படுத்துவான். அந்தச் சண்டையில் அவள் ஒருநாளும் வென்றதில்லை.

இன்றைக்கு எதிர்த்துப் பேச ஆளில்லை.

பழையதையே எடுப்போமா என்று நிஸாம் கேட்டான். பதில் வரவில்லை.

நிக்காஹ்வுக்குச் சம்மதம் கேட்கும்போது குமர்ப்பிள்ளை வாய் திறக்காவிட்டால் ஓம் என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். ஹப்ஸாவின் மௌனத்தையும் நிஸாம் அப்படியே எடுத்துக்கொண்டு மடிக்கணினியை மூடினான். படியிறங்கப் போனவனை அவள் குரல் நிறுத்தியது.

“பீட்டாவ எடுங்க, தம்பி.”

அவன் திகைத்துப்போய்த் திரும்பினான்.

“ஒடைஞ்சா ஆரு மதினி பாக்கிற? காக்காவும் இல்லையே.” அண்ணனைத்தான் சொன்னான்.

பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மனம் நொந்து கிடப்பவளிடம் என்னத்தை வாதாடுவது? அல்லாஹ் விட்ட வழி என்று அவன் போய்விட்டான்.

ஹப்ஸாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. செய்தது சரியில்லை என்றும் தெரிந்தது. ஆனால் பீட்டாவில்தான் பிழை வரும். பிழை வந்தால்தான் அதைச் செய்கிறவர்களுக்கு எழுத முடியும்.

அஸீமின் போனை எடுத்துத் திறந்தாள். எங்கேயோ குளிர் நாட்டிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான். பீட்டாவைச் செய்கிறவர்களில் ஒருவன். அஸீம் பிழை கண்டு எழுதும்போதெல்லாம் பதில் போடுகிறவன். அவனுக்கு மௌத்துச் செய்தி தெரியாது. இத்தனை நாளும் அஸீமின் பெயரில் அவனுக்குப் பதில் எழுதியது ஹப்ஸாதான்.

அஸீம் உயிரோடிருக்கிறான் என்று நினைக்க உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சமிருந்தான்.

போன தடவை சொன்ன பிழை தீர்ந்ததா அஸீம், சுகமாக இருக்கிறாயா என்று கேட்டிருந்தான்.

சுகமாக இருக்கிறேன் என்று எழுதினாள். புது வேலையொன்று தொடங்குகிறேன், இனி அடிக்கடி எழுதுவேன் என்றும் எழுதினாள்.