சாய்ந்த மனைக்கல்

வயலை மனைகளாகப் பிரித்து மஞ்சள் கல் நட்டிருந்தார்கள். ஒரு கல்லின் காலடியில் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது.

"இத்தனை வீடு கட்டினா நான் எங்கடா போவேன்?" என்று கல்லோடு ஓயாமல் சண்டை பிடித்தது.

"நிக்கச் சொன்னாங்க, நிக்கிறேன்," என்றது கல். "இந்தக் கூழாங்கல்லுங்க மாதிரி கொஞ்சம் சும்மா இரேன்."

"கூழாங்கல்லா? என் பிள்ளைங்கடா!"

அன்று மழையில் மண் இளகியதும், முட்டை இல்லாத பக்கமாகக் கல் மெல்லச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

காலையில் ரோடு போட வந்தவர்களை அளவுக்காரர் நிறுத்தினார். "கல்லு சாஞ்சிருச்சு. முதல்லேர்ந்து அளக்கணும். ரோடு அப்புறம்."

வண்டிகள் திரும்பிப் போயின. குருவி வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது.

"மறுபடி நட்டுடுவாங்க," என்றது சேற்றில் கிடந்த கல். "அதுக்குள்ள பொரிச்சிடு, தாயி."