எடைக்குப் போட்ட எஞ்சின்

"மூணாவது தடவையா ஸ்டார்ட் பண்றீங்க. அந்தச் சிவப்பு லைட் அணையலையே?"

கார்க்காரர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். மெக்கானிக்குக்கு வியர்த்துக் கொட்டியது. ஆயில் லைட் எரிகிறது, எஞ்சின் அவ்வளவுதான் என்று சொல்லி வேறு எஞ்சின் மாற்ற வைத்தவனே அவன்தான். இப்போது மாற்றிய எஞ்சினிலும் அதே லைட்!

"இருங்க சார், பாத்துடலாம்."

நின்ற இடத்தில் எஞ்சின் ஓட்டம் வேறு ஏறி இறங்கியது. காரணம், கழன்றிருந்த ஒரு ஹோஸ். மாட்டியதும் எஞ்சின் சீரானது. லைட் மட்டும் முறைத்தது. தனி மீட்டரை மாட்டிப் பார்த்தான். ஆயில் பிரஷர் பிரமாதமாக இருந்தது.

அந்த லைட்டை எரிய வைப்பது, பழைய எஞ்சினிலிருந்து கழற்றி இதில் போட்ட ஆயில் சுவிட்ச்! கோளாறு அதில்தான். அதைக் கழற்றிவிட்டுப் புது சுவிட்ச் போட்டான். லைட் அணைந்தது.

"கையில இருக்கறது அன்னிக்கு என் பழைய எஞ்சின்லேருந்து நீங்க கழட்டின சுவிட்ச்தானே? அப்ப அந்த எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சா?"

"சேச்சே! உள்ளுக்குள்ள தேஞ்சு போச்சு சார். எடைக்கு எடுக்கவே இரும்புக்கடைக்காரன் மூஞ்சியைச் சுளிச்சான்."

வாசலில் ஒரு கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. இறங்கியவன் மெக்கானிக்கின் மனைவியின் தம்பி. மெக்கானிக் கண்ணால் ஜாடை காட்டினான். பலிக்கவில்லை.

"மாமா, பத்து நாளா ஓட்டறேன். ஒரு தடவைகூட லைட் எரியலை, வெண்ணெய் மாதிரி ஓடுது!" கார்க்காரரின் காரைப் பார்த்தான். "அட, எனக்கு மாட்டின எஞ்சின் இதுலேருந்து கழட்டினதுதானே? புதுசு மாதிரி இருக்குன்னு நீங்க சத்தியம் பண்ணப்போ நான்தான் நம்பலை."

சத்தியம் செய்த மெக்கானிக்கும் அன்றைக்கு அதை நம்பியிருக்கவில்லை; செத்த எஞ்சினை மச்சான் தலையில் கட்டுவதாகத்தான் நினைத்திருந்தான்.