காயாத சிவப்பு

மார்ச் கடைசி நாள் வெயில், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டின் தகரக் கூரைகளைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. அரசு மானியத்தில் ஒரு விவசாயிக்குப் போகவேண்டிய நிழல்வலைக் குடிலின் குழாய்கள், துரு பிடிக்காமலிருக்கப் பூசிய சிவப்புப் பெயிண்டோடு தேவகிருபையின் கடை வாசலில் கிடக்கின்றன. அவள் ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறாள். விரல் நுனி சிவக்கிறது. பெயிண்ட் காயாத இரும்பை அவள் ஒருநாளும் வண்டியில் ஏற்றவிட்டதில்லை. இன்று பின்கதவைத் திறந்துகொண்டு லாரி நிற்கிறது. போனில் தோட்டக்கலை அதிகாரி அவசரப்படுகிறார்: "இந்த வருஷப் பணத்தை இன்னைக்குள்ள செலவு பண்ணலைன்னா திரும்பப் போயிடும்மா. தேவையில்லைன்னு நினைச்சு அடுத்த வருஷமும் குறைச்சிடுவாங்க." தேவகிருபைக்குப் பிடிபடவில்லை. "எங்க கடையில விக்காத குழாய் மறுநாளும் அங்கனதான சார் கெடக்கும்? மிச்சம் வச்சா தப்பா?" "ரூல்ஸ் அப்படிம்மா." போன் அணைகிறது. பக்கத்துக் கடையில் இரும்பு அறுக்கும் தீப்பொறி சிதறுகிறது. லாரி டிரைவர் வசீம் குழாய்களைத் தூக்கிப் போட்டபடி கேட்கிறான்: "யக்கா, அந்த வெவசாயி வயல்ல நெல்லு இன்னும் அறுக்காம நின்னுகினு கீதாம். இத்த எங்க எறக்கறது?" "வரப்போரமா போட்டுட்டு வா." "சரிக்கா. ஆனா இன்னிக்கு கடைசி நாளுன்னு அந்த நெல்லாண்ட யாரு சொல்றது?" தேவகிருபை இன்றைய தேதி போட்டுப் பில்லை அவனிடம் நீட்டுகிறாள். வசீம் சாத்திய பின்கதவில் அவனுடைய ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்து, ஈரமாகவே மணலி சாலையில் திரும்பிப் போகின்றன.