கடிகாரம் போன வழி

மேனேஜர் அறையில் சுவர்க் கடிகாரத்தைக் காணோம் என்றதும், கடை மொத்தமும் சுருட்டையைத்தான் திரும்பிப் பார்த்தது.

சுருட்டை என்பது அவள் முடியைப் பார்த்துக் கடை வைத்த பெயர். அந்தத் துணிக்கடையில் அவள் ஒருத்திதான் வேறு இனம், வேறு நிறம். அப்படிக் கூப்பிடாதீங்க என்று வந்த புதிதில் சொல்லிப் பார்த்தாள். செல்லமாத்தானே கூப்பிடறோம், இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவாங்க என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

முதலில் மேனேஜர் மேஜையிலிருந்த கால்குலேட்டர் போனது. அப்புறம் அவருடைய காபி கப். இப்போது கடிகாரம்.

காலையில் கடை திறக்கும் முன்பே, வேலைக்கு வந்தவர்களைத் தோளில் மாட்டிய பையோடு அப்படியே தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

"நீயே ஒத்துக்கிட்டு வேலையை விட்டுப் போயிடு. போலீஸ் வரைக்கும் போகாம பாத்துக்கறேன்" என்றார் அவளிடம்.

"நான் எடுக்கல சார்."

வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் வேறு எந்தக் கடையிலும் சேர்க்க மாட்டார்கள்.

"தினமும் வாசல்ல என் பையைக் கொட்டிப் பாத்துத்தானே அனுப்பறீங்க? அவ்வளவு பெரிய கடிகாரத்தை நான் எப்படி சார் கொண்டு போக முடியும்?"

"அதான் எனக்கும் புரியல. பலே கைகாரியா இருக்கே."

"ஆரம்பிச்சுட்டா பை புராணத்தை" என்று சட்டைப் பிரிவுப் பெண் முணுமுணுத்தாள்.

பை புராணம் பழசு. வேலை முடிந்து போகும்போது செக்யூரிட்டி தன் பையை மட்டும்தான் திறக்கிறார் என்று போன மாதம் அவள் மேனேஜரிடம் சொல்லியிருந்தாள். எல்லார் பையையும்தான் பாக்கறோம், அது கடை ரூல் என்றார் அவர். தொட்டதுக்கெல்லாம் நிறத்தை இழுக்காதே என்று கூட வேலை செய்பவர்களும் அவளுக்குத்தான் புத்தி சொன்னார்கள்.

கேஷியர் அக்கா மட்டும் அவளைத் தனியே கூப்பிட்டு வக்கீல் மாதிரி கேள்வி கேட்டாள்.

"உன் பையை மட்டும்தான்னு எப்படிச் சொல்றே? மத்தவங்க பையைத் திறக்கலைன்னு நீ பாத்தியா?"

"கீழே கொட்டினதைப் பொறுக்கவே எனக்கு நேரம் சரியா இருக்கும்க்கா. அடுத்தவங்க பையை எங்க பாக்கறது?"

"அப்போ உனக்கே தெரியல."

அன்றோடு அந்தப் பெண் கேஷியர் அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

"எல்லாருக்கும் எதிர்லயே கேட்டுடலாம்" என்று இப்போது மேனேஜர் செக்யூரிட்டி பக்கம் திரும்பினார். "எல்லார் பையையும் பாக்கறியா, இல்லையா?"

"ஒண்ணு விடாம பாக்கறேன் சார்."

"கேஷியரம்மா, கடையில நீங்கதான் பழைய ஆள். நீங்களே சொல்லுங்க. இவ சொல்றது உண்மையா?"

கேஷியர் அக்கா முன்னால் வந்தாள்.

"மறைச்சுப் பேச எனக்கு வராது சார். இவ சொன்னப்போ நானும் நம்பல."

"கேட்டியா?" என்றார் மேனேஜர். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நம்பாததாலதான் சோதிச்சுப் பாத்துடலாம்னு நினைச்சேன்" என்றபடி அக்கா தன் பெரிய பையின் ஜிப்பைத் திறந்து, மேஜைமேல் அப்படியே கவிழ்த்தாள்.

சாப்பாட்டு டப்பா விழுந்தது. குடை விழுந்தது. பின்னாலேயே கால்குலேட்டர், காபி கப், கடைசியாகச் சுவர்க் கடிகாரம். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா காலிப் பையை உதறிக் காட்டினாள்.

"யாராவது ஒரு தடவை என் பையைத் திறந்திருந்தா, கால்குலேட்டரோட பிடிபட்டு, இவதான் பொய் சொல்றான்னு நானும் சொல்லியிருப்பேன். ஒருத்தரும் திறக்கல. சின்னச் சாமான் கண்ணுக்குத் தெரியலை போலன்னு பெருசா எடுத்தேன். அதையும் யாரும் பாக்கல, உங்ககிட்ட காட்டத்தான் இன்னிக்கு எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வந்தேன்." பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "பழி உன் தலையில வந்து விழும்னு யோசிக்காம விட்டுட்டேன். அது என் தப்பு. நீ சொன்னப்பவே நம்பாததும் தப்புதான் தங்கச்சி."

தங்கச்சி என்று அந்தக் கடையில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"என் பையையும் திறந்ததில்லை சார்" என்றாள் சட்டைப் பிரிவுப் பெண், தரையைப் பார்த்தபடி.

"என்னோடதையும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு.

மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆளா? கடிகாரத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதெல்லாம் சரிம்மா. ஆனா இவ்வளவு கனமான கடிகாரத்தை, செக்யூரிட்டிக்குத் தெரியாம நீங்க வாசலைத் தாண்டித் தூக்கிட்டுப் போனீங்கன்னு சொன்னா, யார் நம்புவாங்க?"

"நான் எங்க சார் தூக்கிட்டுப் போனேன்?" என்றாள் கேஷியர் அக்கா. "பை ரொம்பக் கனமா இருக்கே, குடுங்கக்கான்னு வாங்கி, பஸ் ஸ்டாப் வரைக்கும் செக்யூரிட்டி தம்பிதான் தூக்கிட்டு வந்து விட்டுட்டுப் போனார்."