சேர்த்து வைத்த உப்பு

எலும்பும் தோலுமாக இருக்கிற என் அம்மாவுக்கு இவ்வளவு பிரஷரா என்று டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். "சின்ன வயசுலேர்ந்து பட்டினியா? அப்படி வளர்ந்த கிட்னி உப்பைச் சரியா வெளிய விடாது. உடம்புலயே சேர்த்து வெச்சுக்கும். உப்பைக் குறைங்க."

"நான் சேர்த்து வெச்ச ஒரே சொத்து அதுதான் தாயி" என்று அம்மா சிரித்தாள். எனக்கு அவளைப் பட்டினி போட்டவர்கள் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

கஞ்சிக்கு அவள் தொட்டுக்கொள்வது என்றைக்கும் உப்பு மட்டும்தான். அன்று இருவருக்கும் உப்பில்லாமல் ஊற்றினேன். ஒரு வாய் குடித்தவளின் கை ஜாடிக்குப் போனது.

"அம்மா!"

எடுத்த கல்லுப்பை என் கஞ்சியில் போட்டுக் கலக்கினாள். "நீ உப்புப் போட்டுத் தின்னுடி. உனக்கு ரோசம் வேணும்ல."

விரலை நக்கப் போனவள், என்னைப் பார்த்துவிட்டுச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.