தேனீக் கண் சம்பந்தி

மாப்பிள்ளை வீட்டார் குடும்பத்தோடு தேனீயின் கண் மரபணுவை ஏற்றிக்கொண்டவர்கள். நாம் காணாத நிறமெல்லாம் அவர்களுக்குத் தெரியுமாம். சிவப்பு மட்டும் கறுப்பாகத் தெரியுமாம்.

என் மகள் சுடர்விழிக்கு நான் எடுத்த அரக்குச் சிவப்புப் பட்டைப் பார்த்துச் சம்பந்தியம்மா முகம் சுளித்தார்.

“முகூர்த்தத்துக்குப் போய் யாராவது கறுப்பு எடுப்பாங்களா?”

கடையைப் புரட்டி அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். “அடடா, உடம்பெல்லாம் பூவாப் பூத்திருக்கு!”

என் பழைய கண்ணுக்கு அது வெறும் வெள்ளை. பெண்ணைப் பெற்றவன், தலையாட்டினேன்.

மணமேடையில் வெள்ளைப் புடவையில் மகளைப் பார்த்து என் அக்கா விம்மினாள். “ஆனந்தக் கண்ணீர்,” என்று சமாளித்தேன்.

தாலி கட்டும் நேரத்தில், புடவையைப் பூவென்று நம்பி ஒரு தேனீக் கூட்டம் மகள்மேல் இறங்கியது. மாப்பிள்ளை முதல் ஆளாக ஓடினார். நான் மட்டும் மகளை மறைத்து நின்று, கொட்டு வாங்கியபடியே கைகூப்பினேன். என்ன இருந்தாலும் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமாயிற்றே!